நாலாம் அறையில் ஒரு ஆள்

பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. குளிர்கிடங்கின் இரும்பு வாசலைத் தாண்டிப் பத்தடி வைத்ததும் அதே உடம்பு வெடவெடத்தது. உள்ளே நீண்ட நடைவழி. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. அமோனியாவும் மீன் கவிச்சியும் கலந்த வாடை மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சுவருக்குப் பின்னால் எங்கோ கம்ப்ரஸர்கள் ஓடின. அந்த உறுமல் காதுக்குக் கேட்டதைவிட உள்ளங்காலுக்குத்தான் அதிகம் தெரிந்தது.

“வந்துட்டியாடி ஊசி?”

அண்ணன். பிறக்கும்போதே குச்சியாகப் பிறந்ததால் அவளுக்கு வீட்டில் விழுந்த பேர் அது. முப்பது வயதாகியும் போகவில்லை. அப்பா மூட்டை தூக்கினார், இடுப்பு ஒடிந்து படுத்தார், போனார். அண்ணன் பதினோரு வருஷமாக இந்தக் கிடங்கில் மீன் பெட்டி தூக்குகிறான். இவள் மட்டும் படித்துக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் போனாள். ‘எம்பொண்ணு உக்காந்தே சம்பாதிக்கிறா’ என்று அம்மா ஊருக்கெல்லாம் சொல்வாள். அதில் பெருமையும் உண்டு, ஒரு குத்தலும் உண்டு.

“என்னண்ணா, கூட்டமா நிக்கிறீங்க? வேலை இல்லையா?”

“எங்க வேலை? போர்டு செத்து ரெண்டு நாள் ஆச்சு. போர்டு எரியாம ஒருத்தன் உள்ள கால் வைக்க மாட்டான்.”

நடைவழியின் கோடியில் தொங்கிய அந்தப் பலகையை அவன் கைகாட்டினான். ஐந்து குளிர் அறைகள், ஒரு மெஷின் ரூம். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சிவப்பு எண்ணில் காட்டவேண்டிய போர்டு. சுமை தூக்குகிறவர்கள் கழுத்தில் ஆளுக்கொரு எண் போட்ட அட்டை தொங்கும். வாசற்படியைத் தாண்டினால் கதவு அதைப் படித்துக்கொள்ளும். ஒரு அறையின் எண் சைபர் ஆனால்தான் அந்தக் கதவைச் சாத்தலாம். உள்ளே மைனஸ் இருபது டிகிரி உறைகுளிர். தவறிச் சாத்திவிட்டால் ஆள் தாங்குவது கால் மணியோ, அரை மணியோ. இதை ஓட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் முந்தாநாள் கருகிப்போனது. புது மெஷினில் பழைய நிரலை ஏற்றிக் கொடுக்க வந்திருக்கிறாள்.

“ஒழுங்கா எரிய வைடி. எங்க உசிரு அதுலதான் தொங்குது.”

“தெரியும்ணா.”

“நாலாம் நம்பர் பக்கம் மட்டும் போகாத.”

“ஏன், அங்க என்ன பேய் இருக்கா?”

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள் அவன். சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான், கூட்டத்தோடு போய் நின்றுகொண்டான்.

மேஸ்திரி காது மறைய கம்பளிக் குல்லா போட்ட பெரிய உடம்புக்காரர். கம்ப்ரஸர் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசியே பழகிய தொண்டை. அவள் கழுத்தில் முப்பத்தொன்பது என்று எழுதிய அட்டையை மாட்டச் சொன்னார்.

“கழட்டக் கூடாதும்மா. ஒண்ணுக்குப் போனாலும் மாட்டிக்கிட்டுத்தான் போகணும். இங்க முப்பத்தெட்டு ஆளு. நீ விருந்தாளி, முப்பத்தொன்பது.”

மெஷின் ரூம் என்பது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு குழல் விளக்கு, கருகின வயர் நாற்றம். புதுக் கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டி, பழைய வட்டிலிருந்து காப்பாற்றிய நிரலை அதில் போட்டாள். பிறகு எல்லா நிரல்காரர்களும் முதலில் அடிக்கிற அந்த ஒற்றை வார்த்தையை அடித்தாள். இன்ஸ்டால்.

நிரல் தனி ஆள் சுமக்கிற சுமை இல்லை. உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுக் கிடங்கில் போட்டுவைத்த துண்டுகளை இழுத்துவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். அந்தத் துண்டுக்குப் பேர் பேக்கேஜ். எது எதன்மேல் உட்காரும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அடிப்பெட்டி சரிந்தால் மேலே இருக்கிறது மொத்தமும் சரியும். பெட்டி அடுக்குகிற வீட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

திரையில் சிவப்பாக ஒரு எரர் விழுந்தது. ஃபோல்டரில் எழுத உனக்கு உரிமை இல்லை என்றது. உரிமையை மாற்றினாள். அடுத்தது, பேக்கேஜ்களை இறக்குகிற கருவி ரொம்பப் புதுசு, நிரலோ ரொம்பப் பழசு. கருவியின் பழைய பதிப்பைத் தேடிப் போட்டாள். அதற்கடுத்தது, ஒரு துண்டை இந்த மெஷினிலேயே கட்டவேண்டும், கட்டுகிற சாமான் இல்லை. அதையும் இறக்கினாள். பிறகு இரண்டு பேக்கேஜ்கள் மூன்றாவது ஒன்றின் வெவ்வேறு பதிப்பைக் கேட்டு முறைத்துக்கொண்டு நின்றன, பங்காளிகள் மாதிரி.

கடைசியில் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிறதைச் செய்தாள். இறக்கின அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். பாதி நேரம் இதில் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாரும் கேட்பதில்லை. மீதிப் பாதிக்கு ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். எச்சரிக்கையை மதிக்காதே, தள்ளிக்கொண்டு போ என்று அர்த்தம். அதையும் சேர்த்தாள்.

மதியம் ஒன்றரைக்கு ஒரே ஒரு சிவப்பு வரிதான் மிச்சம்.

ஆள்-எண்ணி: கிடைக்கவில்லை.

தலைகளை எண்ணுகிற துண்டு. இது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் கூடு. அது இருக்கவேண்டிய முகவரியைப் பார்த்தாள். பொதுக் கிடங்கு இல்லை. இந்தக் கட்டிடத்துக்குள்ளேயே ஏதோ ஒரு மெஷின்.

“மேஸ்திரி, ஆள்-எண்ணின்னு ஒண்ணை யாரு எழுதினது? அதை வச்சிருந்த கம்ப்யூட்டர் எங்க?”

மேஸ்திரி கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். அந்தத் தொண்டைக்குத் தணிந்த குரலும் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

“கண்ணாடிக்காரர் எழுதினதும்மா. சோடாபுட்டி மாதிரி கண்ணாடி போட்டிருப்பாரு. நல்ல மனுஷன். மூணு வருஷம் முன்னாடி நாலாம் நம்பர் உள்ள கதவுக் கருவியில பனி புடிச்சிருக்குன்னு பார்க்கப் போனாரு. மதிய நேரம். அவர் கழுத்துல அட்டை கிடையாது. அடிச்சுக்கவே இல்ல. ‘எண்றவனை எதுக்கு மேஸ்திரி எண்ணணும்’னு சிரிப்பாரு. போர்டுல சைபர்னு இருந்துச்சு. கதவைச் சாத்திட்டாங்க.”

“யாரு?”

“யாரோ. போர்டைப் பார்த்துச் சாத்தினவனைக் குத்தம் சொல்ல முடியுமா? சாயங்காலம் உடம்பை எடுத்ததுதான், அப்புறம் அந்த அறையைத் தொறக்கல. அவரு மெஷின் அந்தக் கதவு பக்கத்துல பெட்டிக்குள்ளதான் இருக்கு. கரண்டு புடுங்கியாச்சு.”

அவளே போய்ப் பார்த்தாள். நாலாம் கதவை நெருங்க நெருங்க நடைவழி விளக்குகள் குறைந்தன. கதவின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பனி மொத்தியிருந்தது. பக்கத்துச் சுவரில் தகரப் பெட்டி. திறந்தாள். உள்ளே கையளவு கம்ப்யூட்டர், மேலே ரோமம் முளைத்த மாதிரி உறைபனி. மின்சார வயர் பாதியில் வெட்டப்பட்டுத் தொங்கியது. நெட்வொர்க் வயரும் அப்படித்தான். செத்த எலியின் வால் மாதிரி இருந்தது.

பெட்டியை மூடும்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம்.

டக். டக். டக்.

விரல் நகத்தால் கீபோர்டில் தட்டுகிற சத்தம். குழாயில் பனி வெடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேகமாக நடந்தாள்.

மெஷின் ரூமுக்குத் திரும்பியபோது இன்ஸ்டால் முடிந்திருந்தது.

திரையில் சிவப்பே இல்லை.

ஆள்-எண்ணி: சேர்க்கப்பட்டது.

எங்கிருந்து இறங்கியது என்று பார்த்தாள். அதே முகவரி. வயர் வெட்டின மெஷின். எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நொடி.

வெளியே நடைவழியில் ஒரு கூச்சல். “எரியுதுடா! போர்டு எரியுது!” ஓடி வந்து பார்த்தாள். சிவப்பு எண்கள் பளிச்சென்று நின்றன. மெஷின் ரூம்: சைபர். ஒன்றாம் அறை: சைபர். இரண்டு, மூன்று, ஐந்து: சைபர்.

நாலாம் அறை: 1.

கூச்சல் அப்படியே அடங்கியது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி மூன்று பேரை டார்ச்சோடு கூட்டிக்கொண்டு போய் நாலாம் அறையைத் திறக்க வைத்தார். கடப்பாரை போட்டுப் பனியை உடைக்கவேண்டியிருந்தது. காலி அலமாரிகள், வெள்ளைத் தரை. மூலை மூலையாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். ஈ காக்கை இல்லை. கதவு சாத்த மறுத்தது, அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். போர்டில் ஒன்று ஒன்றாகவே இருந்தது.

அவள் கம்ப்யூட்டரில் பதிவேட்டைத் திறந்தாள். எந்த அட்டை எந்த அறையில் என்று அதில்தான் விழும். நாலாம் அறைக்கு நேரே ஒரே ஒரு அட்டை எண்.

0.

அவள் தொழிலில் எண்ணிக்கை சைபரிலிருந்துதான் தொடங்கும். பட்டியலின் முதல் இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, அட்டை அடிக்காமலே விட்டிருக்கிறார் மனுஷன்.

“மெஷின் கோளாறும்மா” என்றார் மேஸ்திரி. யாருக்கோ உத்தரவு போடுகிற மாதிரிச் சொன்னார். “வாசல்ல பதினாறு லாரி நிக்குது. ரெண்டு நாள் சரக்கு, மத்த அறையெல்லாம் பத்தாது. இன்னைக்கு நாலாம் நம்பரையும் நிரப்பியாகணும். அதுல ஒண்ணுன்னு நின்னா அந்தக் கதவு சாத்தாது. சாத்தலன்னா சரக்கு நாறிடும். எப்படியாவது சரி பண்ணு.”

அவள் ஆபீஸுக்கு போன் போட்டாள். அவளுடைய டீம் லீடருக்கு எல்லாரும் வைத்திருக்கிற பேர் அவசரம். போனை எடுக்கும்போதே அவசரம் என்றுதான் எடுப்பார்.

“அவசரம், சீக்கிரம் சொல்லுங்க.”

சொன்னாள். வயர் வெட்டியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் லீவு போடச் சொல்வார்.

“எப்பவும் ஒண்ணு கூடவே காட்டுதா? அப்ப ஒண்ணைக் கழிச்சிடுங்க. ஒரு வரிதானே?”

“அது சரியான வழி இல்ல சார். ஆள்-எண்ணி போர்டுக்கு வெறும் எண்ணைத்தான் தருது. பதிவேட்டைப் பார்த்து அந்த சைபர் அட்டையை மட்டும் விலக்கணும். அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“இன்னைக்குக் கழிங்க. நாளைக்கு விலக்குங்க. உலகம் பூரா அப்படித்தாங்க ஓடிட்டிருக்கு.”

அதுவும் பொய் இல்லை. அவளே எத்தனை இடத்தில் கழித்திருக்கிறாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து, விரல் விறைக்க, ஒரு வரி எழுதினாள். நாலாம் அறையின் எண்ணில் ஒன்றைக் கழித்துப் போர்டுக்கு அனுப்பு.

நாலாம் அறை: சைபர்.

நடைவழியில் யாரோ விசில் அடித்தார்கள். மேஸ்திரியின் தொண்டை பழையபடி திறந்துகொண்டது.

மூன்று மணிக்கு வேலை தொடங்கியது. தள்ளுவண்டிகள் கடகடத்தன. நாலாம் அறைக்கு மூன்று பேரை அனுப்பினார் மேஸ்திரி. அதில் ஒருத்தன் அண்ணன், பதினேழாம் அட்டை. போகமாட்டேன் என்று தலையாட்டினான். மேஸ்திரி ஏதோ கத்தினார். போனான். போகும்போது மெஷின் ரூம் கதவில் நின்று தங்கையைப் பார்த்தான்.

“போர்டு கரெக்டாத்தானே இருக்கு?”

“கரெக்டா இருக்குண்ணா. ஏன் பயந்து சாகிற? உள்ள போற ஆளைத்தானே எண்ணுது.”

அந்த ஒரு வரியைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் போகமாட்டான், அவன் போகாவிட்டால் மற்ற முப்பத்தேழு பேரும் போகமாட்டார்கள். சொல்லவில்லை.

திரையில் எண்கள் ஏறி இறங்கின. பதிவேட்டில் நாலாம் அறைக்கு நாலு பேர்: 0, 9, 17, 22. போர்டில் மூன்று. சரியாக இருந்தது. அவள் முதுகை நாற்காலியில் சாய்த்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதது ஞாபகம் வந்தது.

பாட்டிலைத் திறக்கும்போது குளிர் மாறியது.

நடைவழிக் குளிர் ஈரமானது, மீன் வாடையோடு வருவது. இது வேறு. வாடையே இல்லாத, உலர்ந்த, பல்லைக் கூசவைக்கிற குளிர். குழல் விளக்கு மங்கிப் பழுப்பானது. அவள் விட்ட மூச்சு புகையாக வந்து திரையில் படிந்தது.

அவள் மூச்சை அடக்கினாள்.

புகை இன்னும் வந்துகொண்டிருந்தது.

தோளுக்கு மேலிருந்து, பின்னாலிருந்து, மெல்ல மெல்ல, ஒரு ஆள் குனிந்து திரையைப் படித்தால் எந்த உயரத்தில் மூச்சு விடுவானோ அந்த உயரத்திலிருந்து.

திரும்பத் தைரியம் இல்லை. கண்ணை மட்டும் திரையில் நட்டுவைத்தாள்.

மெஷின் ரூம்: 2.

39. 0.

“யாரு?” என்றாள்.

டக்.

அவள் கைகள் மடியில் இருந்தன. கீபோர்டில் ஒரு விசை தானாக அமுங்கி எழுந்தது. திரை நகர்ந்தது. இன்னொரு தட்டு. மறுபடி நகர்ந்தது. பதிவேட்டின் வரிகள் ஒவ்வொன்றாக மேலே போய், ஒரு இடத்தில் நின்றன.

நாலாம் அறை: 17.

பதினேழு மட்டும். ஒன்பதும் இருபத்திரண்டும் வெளியே போயிருந்தார்கள். சைபரும் வெளியே வந்துவிட்டது.

அண்ணன் தனியாக உள்ளே இருக்கிறான். ஒன்றில் ஒன்று போனால்.

போர்டு சைபர் காட்டும்.

அதே நேரத்தில் நடைவழியில் கதவு மோட்டாரின் முனகல் கேட்டது.

நாற்காலி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினாள். தள்ளுவண்டியில் இடித்துத் தொடை கிழிந்ததும் பிறகுதான் தெரிந்தது. நாலாம் கதவுக்கு முன்னால் மேஸ்திரி கதவின் பொத்தானில் கை வைத்தபடி நின்றிருந்தார். கதவு சாத்தியாகிவிட்டிருந்தது.

“தொறங்க! அண்ணன் உள்ள இருக்கான்!”

“என்னம்மா சொல்ற? போர்டு சைபர்னு காட்டுதே...”

“போர்டு பொய்! நான் எழுதின பொய்! தொறங்க!”

மேஸ்திரி அமுக்கினார். மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. மூன்று வருஷப் பனி தண்டவாளத்தில் மறுபடி இறுகியிருந்தது. உள்ளிருந்து தள்ளித் திறக்கிற குமிழும் உறைந்துபோயிருக்க வேண்டும், உள்ளே யாரோ அதைக் குத்துகிற சத்தம் மந்தமாகக் கேட்டது. கடப்பாரை வந்தது. ஆறு பேர் நெம்பினார்கள். வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். உள்ளே குத்துகிற சத்தம் இடைவெளி விட்டது. பிறகு நின்றது. அவள் கதவில் கன்னத்தை வைத்து “அண்ணா, அண்ணா” என்று கத்திக்கொண்டே இருந்தாள். கன்னத்தோல் இரும்போடு ஒட்டிப் பிய்ந்தது.

பத்தொன்பது நிமிஷம்.

கதவு பாதி திறந்தபோது அவன் வாசற்படியிலேயே சுருண்டு கிடந்தான். புருவமெல்லாம் வெள்ளை. மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸில் அவள்தான் கூடப் போனாள். அவன் கைகளைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டே போனாள். இரண்டு விரல் நுனிகளை எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

மறுநாள் காலையில் அவன் கண்ணைத் திறந்து கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தான்.

“ஊசி. ஒண்ணு சொல்லணும்.”

“பேசாத. நான்தான் சொல்லணும். அந்த வரி...”

“நீ இரு. அன்னைக்குக் கண்ணாடிக்காரரை வச்சுக் கதவைச் சாத்தினது நான்தான்.”

அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

“போர்டு சைபர்னு இருந்துச்சு. சாத்தினேன். கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. குழாய்ல பனி வெடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு சாப்பிடப் போயிட்டேன். நேத்து கூட வந்த ரெண்டு பேரும் போனப்புறம், கடைசிப் பெட்டியை வைக்கிறேன். என்னை உரசிக்கிட்டு ஒருத்தர் வெளிய போனாரு. முகத்தைப் பார்க்கல. கண்ணாடி மட்டும் பளபளன்னுச்சு. அவர் போனதும் கதவு மூடிச்சு.”

“அவர்தான்ணா எனக்குக் காட்டிக்கொடுத்தாரு. திரையைத் தள்ளி, நீ தனியா இருக்கேன்னு காட்டினாரு. காப்பாத்தத்தான் வந்தாரு.”

அண்ணன் அவளைப் பார்த்தான். சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

“காப்பாத்தறதுன்னா கதவு மூடறதுக்கு முன்னாடி காட்டியிருக்கணும்டி.”

அன்று மத்தியானமே அவள் கிடங்குக்குப் போனாள். மற்ற முப்பத்தேழு பேரையும் கூட்டி, தான் எழுதிய வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். திட்டினார்கள். ஒருத்தன் காறித் துப்பினான். வாங்கிக்கொண்டாள். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சரியான வழியில் எழுதினாள். ஆனால் விலக்குவதற்குப் பதிவேட்டில் சைபரே இல்லை. எந்த அறையிலும் இல்லை. முந்தைய நாள் பக்கத்தைப் புரட்டினாள்.

நான்கு மணி ஒன்பது நிமிஷம். பெரிய வாசல், வெளியே: 17, 39, 0.

ஆம்புலன்ஸ் கிளம்பிய நேரம்.

மேஸ்திரியும் குனிந்து படித்தார். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். “விட்டுதும்மா சனியன். வெளிய போயிடுச்சு பாரு.”

அவள் அண்ணனுடையதும் தன்னுடையதுமாக இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

பத்து நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்தான். உள் அறையில் அவனுக்குக் கட்டில் போட்டார்கள். அவன் வைத்தது ஒரே நிபந்தனைதான், அந்தக் கதவை யாரும் எந்நேரமும் சாத்தக் கூடாது. அம்மா ஒரு செங்கல்லை எடுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன் உள்ளே தூங்கினான். அவள் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து புது வேலை ஒன்றைத் தொடங்கினாள். யாரோ ஒரு கடைக்காரருக்கு ஒரு சின்னப் பக்கம். இன்னும் ஒரு பேக்கேஜும் எழுதிச் சேர்க்காத, காலிப் பட்டியல். சும்மா சரிபார்க்க, இன்ஸ்டால் அடித்தாள். காலிப் பட்டியலுக்கு அது கண் இமைக்கிற நேரத்தில் முடியவேண்டும்.

மூன்று நொடி ஆனது.

ஆள்-எண்ணி: சேர்க்கப்பட்டது.

அழித்தாள். மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். அதே மூன்று நொடி. அதே வரி. அதன் கீழே, அவள் எழுதாத, யாரும் கேட்காத இன்னொரு வரி மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது.

உள்ளே: 3.

வீட்டில் இருந்தது இரண்டு பேர்.

கூடத்தில் காற்று இல்லை. வெளியே வெயில் கொளுத்தியது. லேப்டாப் திரையில் மெல்லிசாகப் புகை படிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். செங்கல் சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது, யாரோ கவனமாகக் குனிந்து நகர்த்தின மாதிரி, ஓசை வராமல்.

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

“அண்ணா?”

உள்ளிருந்து தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. டக். டக். டக்.

ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது.